நடந்தே உள்ளே போன அம்மா, நான்கு மாதத்தில் சக்கர நாற்காலியில். திரும்ப நடக்க வைக்க முடியுமா?

மூத்தமகள்:

அனைவருக்கும் வணக்கம். அம்மாவுக்கு 84 வயது. நான்கு மாதங்களுக்கு முன் ஒரு முதியோர் பராமரிப்பு இல்லத்தில் சேர்த்தோம். சேர்த்த அன்று வாசலிலிருந்து அறை வரை வாக்கரைப் பிடித்துக்கொண்டு அவரே நடந்து வந்தார். நடுவில் ஒரு தடவை நின்று மூச்சு வாங்கிக்கொண்டார், அவ்வளவுதான்.

முதல் வாரத்திலேயே, சாப்பாட்டு அறைக்கு நடந்து வர நேரமாகிறது என்று சக்கர நாற்காலியில் உட்காரவைத்துத் தள்ளிக்கொண்டு போக ஆரம்பித்தார்கள். அம்மாவுக்குச் சிரமம் குறைகிறதே என்று நானும் சந்தோஷப்பட்டேன். அப்புறம் குளியலறைக்கும் அதே நாற்காலி. போன வாரம் பார்க்கப் போனபோது அவரால் எழுந்து நிற்கவே முடியவில்லை. இரண்டு பேர் இரண்டு பக்கமும் பிடித்துத் தூக்கிவிடுகிறார்கள். வாக்கர் அலமாரிக்குப் பின்னால் மடக்கி வைக்கப்பட்டிருக்கிறது.

இடையில் பக்கவாதம் எதுவும் வரவில்லை. எலும்பு முறியவில்லை. ஒரு காய்ச்சல்கூட இல்லை. கேட்டால், "வயதாகிவிட்டது, இப்படித்தான் படிப்படியாக இறங்கும்" என்கிறார்கள். "நடக்கவிட்டு விழுந்துவிட்டால் என்ன செய்வது?" என்றும் கேட்கிறார்கள். அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை.

இது வயதுதானா? திரும்ப நடக்க வைக்க முடியுமா? முடியுமென்றால் அங்கே போய் நான் எதைக் கேட்க வேண்டும்?

பிசியோ_கைப்பிடி:

பராமரிப்பு இல்லங்களில் பல வருடங்களாகப் பிசியோதெரபி செய்கிறேன். அம்மாவை நேரில் பார்க்காமல் "நடந்துவிடுவார்" என்று உறுதி சொல்ல மாட்டேன். ஆனால் நீங்கள் எழுதியிருப்பதைப் படித்தால் எனக்கு வயதைவிட அந்த நாற்காலிதான் கண்ணில் படுகிறது. நான்கு மாதத்தில் வயது மட்டும் இவ்வளவு செய்யாது.

தொடைத் தசை எவ்வளவு சீக்கிரம் கரையும் என்பதற்கு ஒரு கணக்கு சொல்கிறேன். 2007இல் வெளியான ஓர் ஆய்வில், நல்ல ஆரோக்கியத்தோடு இருந்த முதியவர்களைப் பத்து நாள் படுக்கையிலேயே இருக்கச் செய்தார்கள். அந்தப் பத்து நாளில் கால்களிலிருந்து மட்டும் கிட்டத்தட்ட ஒரு கிலோ தசை போய்விட்டது. அவர்கள் நோயாளிகள்கூட இல்லை. உங்கள் அம்மா நாள் முழுக்கப் படுத்திருக்கவில்லை, சரி. ஆனால் எழுந்து நிற்கும் வேலை அவர் கால்களுக்கு நான்கு மாதமாக இல்லை.

போனது திரும்புமா என்பதற்கும் பதில் இருக்கிறது. 1990இல் பாஸ்டனில் மரியா ஃபியாடரோன் என்ற மருத்துவரும் அவர் குழுவினரும், பராமரிப்பு இல்லத்தில் இருந்த பத்துப் பேருக்கு எட்டு வாரம் கால் பயிற்சி கொடுத்தார்கள். சும்மா காலை ஆட்டும் பயிற்சி இல்லை, எடை வைத்து, எடையைக் கூட்டிக்கொண்டே போன பயிற்சி. அவர்கள் வயது 86 முதல் 96 வரை. பயிற்சியை முடித்தவர்களின் கால் வலிமை சராசரியாக 174 சதவீதம் கூடியிருந்தது. பத்துப் பேர் என்பது சின்ன எண்ணிக்கைதானே என்று கேட்கலாம். 1994இல் அதே குழு நூறு பேரை வைத்துப் பத்து வாரம் செய்து பார்த்தது. சராசரி வயது 87. பயிற்சி செய்தவர்களின் வலிமை இரண்டு மடங்குக்கு மேல் போனது, நடைவேகம் சுமார் 12 சதவீதம் கூடியது. பயிற்சி இல்லாமல் சத்துபானம் மட்டும் குடித்தவர்களுக்கு வலிமை கூடவில்லை. இந்த ஒரு விஷயத்தை நான் பார்க்கும் எல்லாக் குடும்பங்களுக்கும் சொல்கிறேன், ஏனென்றால் எல்லோரும் முதலில் வாங்கிக்கொண்டு வருவது சத்துமாவுதான்.

ஆனால் நாளைக்கே பிடித்து நிற்கவைத்துவிடாதீர்கள். முதலில் மருத்துவர் பார்க்க வேண்டும். படுத்திருக்கும்போதும், எழுந்து நின்று மூன்று நிமிடத்துக்குள்ளும் ரத்த அழுத்தம் எடுக்கச் சொல்லுங்கள். நிற்க முடியாவிட்டால் உட்காரவைத்தாவது எடுக்கட்டும். மேல் எண் 20 அல்லது அதற்கு மேல் இறங்கினால் தலைசுற்றி விழ அது ஒன்றே போதும். இந்த நான்கு மாதத்தில் புதிதாகச் சேர்ந்த மாத்திரைகள் என்னென்ன என்று பட்டியல் கேளுங்கள், முக்கியமாகத் தூக்க மாத்திரை, பதற்றத்துக்கான மாத்திரை. மூட்டு வலி இருக்கிறதா, கால் நகம் வளர்ந்து குத்துகிறதா, கண்ணாடி அவருடையதுதானா என்றும் பாருங்கள். சிரிக்காதீர்கள், அடுத்த கட்டில்காரரின் கண்ணாடியோடு உட்கார்ந்திருந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். ஒரு பக்கக் கையோ காலோ மட்டும் பலம் குறைந்திருந்தால் அது வேறு விஷயம், உடனே மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

அப்பாவின்_மகன்:

மேலே எழுதியவர் மேல் எனக்குக் கோபம் இல்லை. ஆனால் என் அனுபவத்தையும் இங்கே வைக்க வேண்டும்.

அப்பா இல்லத்தில் இருந்தபோது நடக்கட்டும், நடந்தால்தான் நல்லது என்று சொன்னவன் நான். அவர் ராத்திரி இரண்டு மணிக்குக் கழிப்பறைக்குத் தனியாக எழுந்து போய் விழுந்தார். இடுப்பு எலும்பு முறிந்தது. அறுவை சிகிச்சை செய்தார்கள். அதற்கப்புறம் அவர் எழவே இல்லை. எட்டு மாதமாகப் படுக்கைதான். ஒவ்வொரு தடவை அவரைப் பார்க்கும்போதும் அந்தச் சக்கர நாற்காலியை வேண்டாமென்று சொன்னது நான்தானே என்று தோன்றுகிறது.

அக்கா, யோசித்துச் செய்யுங்கள். உட்கார்ந்திருந்தாலும் உயிரோடு, வலியில்லாமல் இருக்கிறாரே என்று சில சமயம் நினைக்கத்தான் வேண்டியிருக்கிறது.

ஓய்வுபெற்ற_செவிலி:

தம்பி, நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டு உடனே பதில் எழுத முடியவில்லை. அப்பா விழுந்தது உங்களால் இல்லை.

முப்பது வருடம் முதியோர் பகுதியில் வேலை பார்த்தேன். ஆரம்ப காலத்தில் நாங்கள் முதியவர்களை நாற்காலியோடு சேர்த்துக் கட்டிவைத்திருக்கிறோம். பாதுகாப்பு என்று மனதார நம்பித்தான் கட்டினோம். எழுந்திருக்கப் பார்த்து நாற்காலியோடு சரிந்தவர்களையும் பட்டையில் சிக்கிக்கொண்டவர்களையும் என் கையாலேயே தூக்கியிருக்கிறேன். அமெரிக்காவில் 1987இல் வந்த பராமரிப்பு இல்லச் சீர்திருத்தச் சட்டம், தண்டனைக்காகவோ பணியாளர் வசதிக்காகவோ யாரையும் கட்டிவைக்கக் கூடாது என்றது. 1992இல் வந்த ஓர் ஆய்வு, கட்டிவைத்ததால் விழுந்து பலத்த காயம்படுவது குறையவில்லை என்று காட்டியது. காரணம் புரிந்துகொள்ளக் கடினமில்லை. கட்டிவைத்த கால் பலம் இழக்கும். பலம் இழந்த காலோடு ஒருநாள் யாரும் பார்க்காதபோது எழுந்திருப்பார்கள். ஏனென்றால் கழிப்பறைக்குப் போக வேண்டிய அவசரத்தை எந்தப் பட்டையாலும் நிறுத்த முடியாது.

பராமரிப்பு இல்லங்களில் இருப்பவர்களில் ஏறக்குறைய பாதிப் பேர் வருடத்துக்கு ஒரு தடவையாவது விழுகிறார்கள். நடப்பவரும் விழுகிறார், நாற்காலியில் இருப்பவரும் இறங்கப் பார்த்து விழுகிறார். உங்கள் அப்பா விழுந்தது ராத்திரி இரண்டு மணிக்கு, இருட்டில், தனியாக. பகலில் பிடித்துக்கொண்டு நடந்தபோது இல்லை. அந்த நேரத்துக்கு முன்பாகவே ஒருவர் வந்து அழைத்துப் போயிருந்தால், கட்டிலுக்கும் கழிப்பறைக்கும் நடுவில் ஒரு சின்ன விளக்கு எரிந்திருந்தால், கட்டில் உயரம் தாழ்வாக இருந்திருந்தால் என்றுதான் நான் கேட்பேன்.

பிசியோ_கைப்பிடி:

செவிலி அம்மா சொன்னதோடு ஒன்றைச் சேர்க்கிறேன், என் தொழிலுக்கு அது அவ்வளவு வசதியான செய்தி இல்லை என்றாலும். பல ஆய்வுகளை ஒன்றாகச் சேர்த்து எடைபோடும் காக்ரேன் என்ற அமைப்பு 2018இல் வெளியிட்ட தொகுப்பாய்வு, பராமரிப்பு இல்லங்களில் உடற்பயிற்சி கொடுத்தால் விழுவது குறையும் என்று உறுதியாகச் சொல்ல முடியவில்லை என்றது. வெளியில் வீட்டில் வாழும் முதியவர்களிடம் நன்றாக வேலை செய்த பயிற்சிகள்கூட இல்லங்களுக்குள் ஒரே மாதிரி பலன் தரவில்லை. அதனால் "பயிற்சி செய்தால் விழ மாட்டார்" என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

அதே 2018இல் ஆஸ்திரேலியாவில் சன்பீம் என்ற திட்டத்தின் முடிவு வந்தது. 16 இல்லங்கள், 221 பேர். மொத்தம் ஐம்பது மணி நேரம், எடையைப் படிப்படியாகக் கூட்டும் பயிற்சியும் சமநிலைப் பயிற்சியும். அங்கே விழுவது 55 சதவீதம் குறைந்தது. என் அனுபவத்தில் வித்தியாசம் எங்கே இருக்கிறது என்றால், நாற்காலியில் உட்கார்ந்து கையைத் தட்டுவதற்கும் தசைக்கு உண்மையாகவே வேலை கொடுப்பதற்கும் நடுவில்தான். "எங்கள் இல்லத்தில் வாரம் ஒரு தடவை உடற்பயிற்சி வகுப்பு உண்டு" என்று சொன்னால், அந்த வகுப்பில் அம்மா எத்தனை தடவை எழுந்து நின்றார் என்று கேளுங்கள்.

இரவுப்பணி:

நான் ஓர் இல்லத்தில் பராமரிப்புப் பணியாளர். இந்த இழையை மூன்று தடவை படித்துவிட்டேன். எங்கள் பக்கத்தையும் சொல்ல வேண்டும் என்று தோன்றியது.

காலையில் ஒருவரை நடத்திச் சாப்பாட்டு அறைக்குக் கூட்டிப்போக எனக்குப் பன்னிரண்டு நிமிடம் ஆகும். தள்ளிக்கொண்டு போனால் இரண்டு நிமிடம். என் பொறுப்பில் ஒன்பது பேர். எல்லோரும் ஒரே நேரத்துக்குச் சாப்பாட்டு மேசையில் இருக்க வேண்டும். யாராவது விழுந்தால் நான் எழுதிக்கொடுக்க வேண்டும், மேலே பதில் சொல்ல வேண்டும். யாராவது நடக்க முடியாமல் போனால் யாரும் என்னை எதுவும் கேட்க மாட்டார்கள். அதை எழுதுவதற்கு ஒரு தாள்கூட இல்லை. மூத்தமகள் அக்கா, உங்கள் அம்மாவை நாற்காலியில் உட்காரவைத்தவர் கெட்டவர் இல்லை. அவரும் என்னைப் போல ஒருவராகத்தான் இருப்பார்.

எங்கள் இடத்தில் எது மாறியதோ அதைச் சொல்கிறேன். நீளமான நடைவழியில் நடுவில் இரண்டு நாற்காலிகள் போடச் சொன்னார் எங்கள் மேற்பார்வையாளர். கைப்பிடி உள்ள, ஆடாத நாற்காலிகள். அதற்கு முன் "அவ்வளவு தூரம் முடியாது" என்றவர்கள் பாதி தூரம் வந்து உட்கார்ந்து, அப்புறம் மீதியை நடந்தார்கள். சிலருக்குப் போகும்போது நடை, திரும்பும்போது சக்கர நாற்காலி. ஒவ்வொருவர் அறைக் கதவின் உள்பக்கமும் ஒரு வரி எழுதி ஒட்டினோம்: "இவர் எழுந்திருக்க ஒருவர் போதும். தானே கையூன்றி எழுவார். அவசரப்படுத்த வேண்டாம்." புதிதாக வேலைக்கு வரும் பிள்ளைகளுக்கு அந்த ஒரு வரி பெரிய உதவி. இல்லாவிட்டால் எல்லோரையும் அக்குளுக்குக் கீழே கைகொடுத்துத் தூக்குவார்கள். அது அவர்கள் தோளுக்கும் கேடு, எங்கள் முதுகுக்கும் கேடு.

இன்னொன்று. குடும்பத்தார் வந்தால் சாப்பாட்டைப் பற்றியும் துணியைப் பற்றியும்தான் கேட்கிறார்கள். "இன்றைக்கு எத்தனை தடவை எழுந்து நின்றார்?" என்று கேட்ட குடும்பம் இதுவரை ஒன்றே ஒன்று. அந்தக் குடும்பத்தின் தாத்தாவை நாங்கள் எல்லோரும் எழுப்பி நிறுத்தினோம், தெரியுமா? கேட்கிறார்கள் என்று தெரிந்ததும் நேரம் எப்படியோ கிடைத்தது.

மூத்தமகள்:

இரவுப்பணி, உங்களுக்கு எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை. நான் அந்த இல்லத்தின் மேல் கோபத்தோடுதான் இந்த இழையைத் தொடங்கினேன். நாளை மறுநாள் பராமரிப்புத் திட்டக் கூட்டம் கேட்டு வாங்கியிருக்கிறேன். எழுந்து நிற்பதை எப்படித் தொடங்குவது, ஒரு நாளைக்கு எத்தனை தடவை?

பிசியோ_கைப்பிடி:

எண்ணிக்கையை அங்கிருக்கும் பிசியோ அம்மாவைப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும். முறையை நான் சொல்கிறேன்.

நாற்காலியின் உயரம் முழங்கால் அளவுக்கோ, கொஞ்சம் மேலேயோ இருக்கட்டும். தாழ்வான சோபாவில் என்னாலேயே எழ முடிவதில்லை, அவர் எப்படி எழுவார்? கைப்பிடி அவசியம். பின்பக்கத்தை நாற்காலியின் முன்விளிம்புக்கு நகர்த்த வேண்டும், பாதங்களைக் கொஞ்சம் பின்னால் இழுத்து முழங்காலுக்குக் கீழே கொண்டுவர வேண்டும். அப்புறம் மூக்கு கால் கட்டைவிரலுக்கு நேராக வருகிற மாதிரி முன்னால் குனிந்து, கைப்பிடியை அழுத்தி எழ வேண்டும். விழுந்துவிடுவோம் என்ற பயத்தில் எல்லோரும் பின்னால் சாய்வார்கள், பின்னால் சாய்ந்தால் எழவே முடியாது. வாக்கரைப் பிடித்து இழுத்து எழக் கூடாது, அது கவிழும். எழுந்து நின்ற பிறகுதான் கை வாக்கருக்குப் போக வேண்டும்.

முழுதாக எழ முடியாவிட்டால் இருக்கையிலிருந்து நான்கு விரல் உயரம் தூக்கி இறங்கினாலும் அது பயிற்சிதான். இருக்கையில் கெட்டியான மெத்தை போட்டு உயர்த்திக்கொண்டு, பலம் வர வர உயரத்தைக் குறைக்கலாம். உட்காரும்போது தொப்பென்று விழாமல் மெதுவாக இறங்கச் சொல்லுங்கள், பாதிப் பலன் அந்த இறக்கத்தில் இருக்கிறது.

இதற்குத் தனி நேரம் வேண்டியதில்லை. சாப்பாட்டுக்கு முன் இரண்டு தடவை, கழிப்பறைக்குப் போகும்போது ஒரு தடவை கூடுதலாக என்று ஏற்கெனவே நடக்கிற வேலையோடு கட்டிவிடுங்கள். வலிமைக்கும் சமநிலைக்குமான பயிற்சி வாரத்தில் மூன்று நாளாவது வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனத்தின் 2020 வழிகாட்டி. கொஞ்சமாகச் செய்தாலும் ஒன்றும் செய்யாததைவிட நல்லது என்றும் அதே வழிகாட்டி சொல்கிறது.

கூட்டத்தில் "நடக்க உதவ வேண்டும்" என்று எழுதினால் ஒப்புக்கொள்ளாதீர்கள். யார், எந்த நேரத்தில், எங்கிருந்து எதுவரை, எத்தனை பேர் பிடித்து என்று எழுத வேண்டும். அதற்கு முன் 30 விநாடியில் எத்தனை தடவை எழுகிறார், நான்கு மீட்டரை எத்தனை விநாடியில் கடக்கிறார் என்று அளந்து தேதி போட்டு வைக்கட்டும். இன்றைக்குப் பூஜ்ஜியமாக இருந்தாலும் எழுதட்டும்.

அவர்_மனைவி:

என் கணவருக்கு மறதி நோய். அவரிடம் "பத்துத் தடவை எழுந்து உட்காருங்கள்" என்றால் மூன்றாவதில் எதற்கு என்று மறந்துவிடும், கோபம் வரும். அவரைப் போன்றவர்களுக்காகவும் ஒரு வார்த்தை.

அவரிடம் பயிற்சி என்ற சொல்லே எடுபடாது. "வாருங்கள், ஜன்னலைத் திறந்துவிடலாம்" என்றால் எழுந்து வருகிறார். "இந்தத் துண்டைப் பிடியுங்கள், அங்கே வைத்துவிட்டு வரலாம்" என்றால் முழு நடைவழியும் நடக்கிறார். ஒரு நேரத்தில் ஒரே ஒரு சொல்: "எழுங்கள்." அப்புறம் காத்திருக்க வேண்டும். அவருக்கு அந்தச் சொல் உள்ளே போய்ச் சேரப் பத்து விநாடி ஆகிறது. அதற்குள் இன்னொரு தடவை சொன்னால் மறுபடி முதலிலிருந்து. அவருக்குத் தெரிந்த பழைய பாட்டு ஓடினால் கால் தானாகத் தாளத்துக்கு வருகிறது.

முன்பு ஓயாமல் நடந்துகொண்டே இருப்பார். அதை ஒரு நோய்க்குறி போல எழுதி, அமைதிப்படுத்தும் மாத்திரை கொடுத்தார்கள். அமைதியானார், உண்மைதான். ஒரு மாதத்தில் கால் இறுகியது, எச்சில் வடிந்தது. மருத்துவரிடம் பேசி அளவைக் குறைத்தபின் பாதி நடை திரும்பியது. மீதிப் பாதி திரும்பவில்லை. மாத்திரைப் பட்டியலைக் கேளுங்கள் என்று பிசியோ எழுதியதை யாரும் தாண்டிப் போய்விடாதீர்கள்.

ஜன்னலோரம்:

நான் உள்ளே இருப்பவள். 88 வயது. பேத்தி கொடுத்த டேப்லெட்டில் இதையெல்லாம் படிக்கிறேன். மெதுவாகத்தான் எழுத வரும்.

நீங்கள் எல்லோரும் எங்களைப் பற்றிப் பேசுகிறீர்கள், நல்லதுதான். பயம் எங்களுக்கும் உண்டு. நான் ஒரு தடவை விழுந்தேன், அடி பெரிதாகப் படவில்லை. ஆனால் அதற்கப்புறம் தரை வேறு மாதிரி தெரிந்தது. நான் எழுந்தாலே நாலாபக்கமிருந்தும் "விழுந்துடுவீங்க, உட்காருங்க" என்று குரல் வரும். அந்தக் குரல் கேட்டதும் கால் நடுங்கும், அதனாலேயே விழுந்துவிடுவேன் போலிருக்கும். ஒரு பெண் மட்டும் சத்தம் போடாமல் வந்து பக்கத்தில் நின்றுகொள்வாள். "எங்கே போகணும் பாட்டி?" என்பாள். அவள் கேட்டால் எனக்கு நடக்க வரும்.

எங்கேயும் போக வேண்டியதில்லை என்றால் எதற்காக நடப்பது? நான் ஜன்னல் வரை போவேன், அங்கே நின்று பார்ப்பதற்கு ஏதாவது இருக்கும். மூத்தமகளே, அம்மா எதைப் பார்க்க நடப்பார் என்று அவரிடமே கேளுங்கள். சில நாள் எனக்கு முடியாது, வேண்டாம் என்பேன். அன்றைக்கு விட்டுவிட வேண்டும். மறுநாள் வந்து கேட்க வேண்டும், முந்தின நாள் வேண்டாம் என்றாளே என்று கேட்காமல் இருந்துவிடக் கூடாது.

அப்பாவின்_மகன்:

பாட்டி, உங்கள் பதிவை அப்பாவுக்குப் படித்துக் காட்டினேன். "தரை வேறு மாதிரி தெரிந்தது" என்ற இடத்தில் தலையாட்டினார்.

எட்டு மாதம் படுக்கையில் இருந்தவருக்கு இனி ஏதாவது செய்ய முடியுமா? அறுவை சிகிச்சைக்குப் பின் வலிக்கிறது என்றதால் யாரும் அவரை எழுப்பவில்லை.

பிசியோ_கைப்பிடி:

இடுப்பு அறுவை சிகிச்சை முடிந்த மறுநாளே எழுப்பி உட்காரவைத்து நிற்கவைப்பதுதான் இப்போது பொதுவான முறை, வலிக்கு மருந்து கொடுத்துவிட்டு. அது நடக்காமல் போனது வருத்தம்தான். எட்டு மாதத்துக்குப் பிறகு நடை என்று வாக்குக் கொடுக்க மாட்டேன். முழங்காலும் இடுப்பும் மடங்கியபடி இறுகிப்போயிருக்கிறதா என்று முதலில் ஒருவர் பார்க்க வேண்டும். அப்படி இருந்தால் நிற்பது கடினம்.

ஆனால் கட்டில் விளிம்பில் காலைத் தொங்கவிட்டு உட்கார்வது பெரிய விஷயம், தம்பி. சளி வெளியே வரும், விழுங்குவது சுலபமாகும், படுக்கைப்புண் வரும் இடங்களுக்கு ஓய்வு கிடைக்கும். எல்லாவற்றையும்விட, அறையில் நுழைபவரை முகத்துக்கு நேராகப் பார்க்க முடியும். ஒருவர் முன்னாலும் ஒருவர் பின்னாலும் இருக்க, இரண்டு நிமிடத்தில் தொடங்குங்கள். முதல் சில நாள் தலைசுற்றும். பக்கத்திலேயே இருங்கள்.

மூத்தமகள்:

ஏழு வாரம் கழித்து எழுதுகிறேன்.

ரத்த அழுத்தம் படுத்திருந்ததற்கும் உட்கார்ந்ததற்கும் 26 இறங்கியது. மருத்துவர் ஒரு மாத்திரையை நிறுத்தினார், இன்னொன்றின் அளவைக் குறைத்தார். தூக்க மாத்திரையை மெல்ல மெல்லக் குறைத்துக்கொண்டிருக்கிறார்கள். முதல் அளவு, 30 விநாடியில் பூஜ்ஜியம். எழுதச் சொன்னேன், எழுதினார்கள். இப்போது கையூன்றி நான்கு.

காலைச் சாப்பாட்டுக்கு வாக்கரோடு நடந்து போகிறார், நடுவில் ஒரு நாற்காலியில் இளைப்பாறிக்கொள்கிறார். ஒருவர் கூடவே வருகிறார். மாலையில் முடிவதில்லை, அப்போது நாற்காலிதான். மூன்றாவது வாரத்தில் சளி பிடித்து ஐந்து நாள் படுத்தார், இரண்டாக இருந்தது மறுபடி பூஜ்ஜியமானது. அன்றைக்கு நான் காரில் உட்கார்ந்து அழுதேன். திரும்ப இரண்டுக்கு வரப் பத்து நாள் ஆயிற்று.

எதைப் பார்க்க நடப்பீர்கள் என்று கேட்டேன், பாட்டி. அடுத்த பகுதியில் இருக்கும் ஓர் அம்மாவோடு பேச வேண்டுமாம். நான்கு மாதமாக அவர் பக்கத்தில் யாரும் கொண்டுபோய் விடவில்லையாம். ஞாயிற்றுக்கிழமை அங்கே நடந்து போனோம்.

ஒரு சின்னக் கேள்வி. வாக்கர் தரையில் கறுப்புக் கோடு போடுகிறது, ஒரு பக்கமாக இழுக்கிற மாதிரியும் இருக்கிறது. ஏதாவது கோளாறா?

பிசியோ_கைப்பிடி:

வாக்கர் கால்களின் அடியில் இருக்கும் ரப்பர் மூடிகளைத் திருப்பிப் பாருங்கள். ஒன்று தேய்ந்து உள்ளே இருக்கும் குழாய் தெரியும் நிலைக்கு வந்திருக்கும், உடனே மாற்றுங்கள். நான்கையும் சேர்த்தே மாற்றினால் உயரம் ஒரே மாதிரி இருக்கும். மாற்றியபின் அம்மாவை நிமிர்ந்து நிற்கவைத்துக் கையைத் தொங்கவிடச் சொல்லுங்கள், கைப்பிடி மணிக்கட்டு மடிப்புக்கு நேராக வர வேண்டும். பிடித்தால் முழங்கை லேசாக மடங்கியிருக்கும். இந்த ஏழு வாரத்தில் அவர் நிமிர்ந்திருப்பார், பழைய உயரம் இப்போது தாழ்வாகத்தான் இருக்கும்.